தொண்ணூறாயிரம் செஸ் போர்டு

…இல்ல தம்பி, நீங்க உக்காருங்க. அந்த டிவியில என்ன போட்டிருந்தாலும் நம்பாதீங்க. 'ஏறலாம்'னு போட்டு முக்கா மணி நேரம் கழிச்சுத்தான் அந்தக் கதவையே திறப்பாங்க. பதினோரு வருஷமா இதே ஹால்ல உக்காந்து பாக்கறேன். ஆனா என் கையில இந்த ரோஸ் கலர் பாரத்தப் பாத்துட்டா மட்டும் எல்லாருக்கும் ஃப்ளைட் கிளம்பிடுது. அதுவரைக்கும் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்த மனுஷன், 'ஐயா, சுற்றுலாத் துறையிலேருந்து வர்றேன், ரெண்டே நிமிஷம்'னு நான் வாயத் திறந்ததும் பொண்டாட்டி புள்ளைய இழுத்துக்கிட்டு ஓடறாரு. நான் என்ன கைமாத்தா கேக்கறேன்? எங்க ஊருக்கு வந்தீங்களே, எவ்ளோ செலவு பண்ணீங்கன்னு கேக்கறேன். அவ்ளோதான்.

நாப்பத்திரண்டு கேள்வி. ரெண்டு நிமிஷத்துல முடியாதுதான். அத முன்னாடியே சொன்னா யாரு உக்காருவாங்க சொல்லுங்க.

சார்ஜ் ஏறட்டும், எடுக்காதீங்க. இந்தப் பக்கம் இருக்கற ஆறு பிளக்குல இது ஒண்ணுதான் வேலை செய்யுது. அதுக்குப் பக்கத்து நாற்காலிய நான் காலையில வந்ததுமே பையப் போட்டுப் புடிச்சிடுவேன். ஆமா, வேணும்னுதான். போன்ல சார்ஜ் இல்லாதவன் எங்க ஓடுவான்? உங்கள மாதிரி எத்தன பேரு இப்படி வந்து மாட்டியிருக்காங்க. சிரிக்காதீங்க, வயித்துப் பொழப்பு தம்பி. ஒரு நாளைக்குப் பன்னெண்டு பாரம் நிரப்பித் தரணும். தரலேன்னா எங்க அதிகாரி, அவருக்கு நாங்க வெச்ச பேரு கால்குலேட்டர், போனப் போட்டு 'என்னம்மா, இன்னைக்கு நாட்ட விட்டு யாருமே போகலயா'ம்பாரு.

என்ன? அத்தை வீட்ல தங்கினீங்களா, அதனால செலவே இல்லையா. இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. பாஸ்போர்ட் வெளிநாட்டுதுதானே? அப்போ நீங்களும் வெளிநாட்டுப் பயணிதான். அத்தை வீட்டுல பாய் போட்டுப் படுத்தாலும் பயணிதான். என் சித்தி பையன் ஒருத்தன் வருஷா வருஷம் வர்றான். பாரத்துல பாத்தா தங்குமிடம் சைபர், சாப்பாடு சைபர், போக்குவரத்து மாமாவோட ஸ்கூட்டர், அதுவும் சைபர். ஆனா அவன் வந்துட்டுப் போனான்னா சித்தி வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வந்திருக்கும், மாமாவுக்கு வாய் நிறையப் புதுப்பல் வந்திருக்கும். அத எழுத எனக்கு ஒரு கட்டம் உண்டா? கிடையாது. கேட்டேன். பல்லு கட்டறது சுற்றுலாவுல வராதும்மான்னு சொல்லிட்டாரு கால்குலேட்டர். அப்போ அந்தப் பணம் எங்க போச்சு? மாமா வாயிலதான் இருக்கு, ஆனா நாட்டுக் கணக்குல இல்ல.

இன்னொரு கூத்து கேளுங்க. கழுத்துல பூ மாலையோட, ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு நாப்பது பேரு கூட்டமா வருவாங்களே, பேக்கேஜ்காரங்க. அவங்களக் கேட்டா ஒரு நாளைக்கு இவ்ளோன்னு சொல்வாங்க பாருங்க, எனக்குத் தலை சுத்தும். என் ரெண்டு மாசச் சம்பளம். கால்குலேட்டருக்கு அந்தப் பாரத்தப் பாத்தா வாயெல்லாம் பல்லு. ஆனா நான் விசாரிச்சுப் பாத்தேன் தம்பி. பணத்த அவங்க ஊர்லயே கட்டிட்டு வந்துடறாங்க. வந்தது அவங்க ஊரு ஃப்ளைட். தங்கினது அவங்க ஊரு கம்பெனி ஹோட்டல். காலையில ரொட்டிக்குத் தடவற வெண்ணெய்கூட சின்னச் சின்ன டப்பாவுல அங்கேருந்துதான் வருது, ஹோட்டல்ல துணி வெளுக்கற அம்மா என்கிட்ட காமிச்சாங்க. நூறு ரூபா செலவுன்னு எழுதறோம், அதுல முப்பது ரூபாவாவது இங்க தரையில விழுந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

அதே, ஒரு மூட்டைய முதுகுல மாட்டிக்கிட்டு அழுக்குச் சட்டையோட ஒரு பொண்ணும் பையனும் வருவாங்க. தண்ணி பாட்டிலுக்குப் பேரம் பேசற ஜாதி. அவங்களப் பாத்தாலே கால்குலேட்டருக்கு ஆகாது. நாள் செலவு ஒண்ணுமே இல்லம்பாரு. நியாயந்தான், ஆனா அதுங்க ரெண்டு மாசம் இருக்குதுங்க. பஸ்ல போகுது, டீக்கடையில குடிக்குது, கிழிஞ்ச பைய நம்ம தையக்காரர்கிட்ட தைக்குது, ஜுரம் வந்தா நம்ம டாக்டர்கிட்ட போகுது. அத்தனையும் இங்கயே விழற காசு. நாளாலப் பெருக்கிப் பாருங்கன்னு சொன்னேன். 'கேள்வி கேக்கறதுதான் உங்க வேலை, பெருக்கறது என் வேலை'ன்னுட்டாரு.

உண்மையச் சொல்ல வெக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா. புருஷன் பொண்டாட்டி சேந்து உக்காந்திருந்தா நான் கேக்கவே மாட்டேன். ஒரு தடவை கேட்டுட்டு நான் பட்ட பாடு. நினைவுப் பொருள் எவ்ளோன்னு கேட்டேன், அந்த மனுஷன் 'ஒண்ணும் வாங்கல'ன்னாரு. அந்தம்மா ஒரு தொகை சொன்னாங்க. அவரு திரும்பிப் பாத்தாரு. 'எப்போ வாங்கின'ன்னாரு. அப்புறம் அவங்க பாஷையில ஆரம்பிச்சுது பாருங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா எல்லாம் புரிஞ்சுது. நான் மெதுவா பேனாவ மூடிட்டு நகந்துட்டேன்.

சரி, எதுக்கு இவ்ளோ தூரம் சொல்றேன்னா, உங்க ஒரு பாரத்த சாதாரணமா நினைக்காதீங்க. வருஷத்துக்குப் பன்னெண்டு லட்சம் பேரு வர்றாங்க. அதுல மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் சேத்து கணக்குல எடுக்கறது நானூறு பாரம். மிச்சத்த தப்பு, கிறுக்கல், பாதியில நின்னதுன்னு கழிச்சிடுவாங்க. அப்போ ஒரு பாரம் எத்தன பேருக்குப் பேசுது? மூவாயிரம் பேருக்கு. நீங்க ஒரு விசிறி வாங்கினேன்னு சொன்னீங்கன்னா, புத்தகத்துல மூவாயிரம் விசிறின்னு அச்சாகும். அந்தப் புத்தகத்தப் படிச்சுட்டுத்தான் எங்க வீட்ல ஒருத்தரு…

அந்தக் கதைய ஏன் கேக்கறீங்க. கேக்கலயா? பரவால்ல, சொல்றேன். முக்கா மணி நேரம் இருக்கே.

என் கொழுந்தன். எங்க வீட்டுக்காரரோட தம்பி. ஒரே வீடுதான் எங்களுக்கு. கீழ நானும் அவரும், மாடியில கொழுந்தனும் அவரு பொண்டாட்டியும். அவள வீட்ல 'சின்னவ'ன்னு சொல்வோம், என்ன 'பெரியவ'ன்னு சொல்வாங்க. சமையல் ஒண்ணு, தண்ணித் தொட்டி ஒண்ணு, அந்தத் தொட்டிக்கு மோட்டார் ஒண்ணு, அந்த மோட்டார யாரு நிறுத்தறதுங்கற சண்ட மட்டும் தினம் ஒண்ணு.

கொழுந்தன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கை அப்படி ஒரு கை. செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்ட ஃப்ரிட்ஜ ஒரு தட்டு தட்டி ஓட வெப்பாரு. கம்பெனி வேலை, நல்ல வேலை. என்ன ஒண்ணு, மாசத்துல இருபது நாள் ஊர் ஊரா பஸ்லயே இருக்கணும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில பேப்பரப் புடிச்சுக்கிட்டு மாடியிலேருந்து இறங்கி வந்தாரு. முகத்துல ஒரு வெளிச்சம். 'அண்ணி, உங்க கணக்கு வந்திருக்கு'ன்னாரு. வெளிநாட்டுப் பயணிகள் நம்ம நாட்ல வாங்கற பொருள்ல முதல் எடம் எதுக்குன்னு போட்டிருந்தான். கல்லுல செஞ்ச செஸ் போர்டு. ஒரு வருஷத்துல தொண்ணூறாயிரம் போர்டு.

நான் அடுப்புல பால வெச்சுட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல.

அவரு வேலைய விட்டுட்டுக் கடை வெக்கப் போறேன்னு சொன்னதும் நான் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன் தம்பி. சத்தியமா சொன்னேன். பேப்பர்ல வர்றதெல்லாம் நம்பாதீங்கன்னேன். புத்தகக் கணக்கு வேற, கடைக் கணக்கு வேறன்னேன். அதுக்கு அவரு சொன்ன வார்த்தை இருக்கே. 'அண்ணி, நீங்க கால் கடுக்க நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதின கணக்கு இது. ஊரே நம்பலேன்னாலும் நான் நம்புவேன். தொண்ணூறாயிரம் வித்திருக்கு, எனக்கு முந்நூறு வித்தா போதாதா?' அப்படின்னுட்டாரு.

பெரிய ஹோட்டலுக்குப் பின்னாடி ஒரு சந்து, கல்லு பாவின சந்து. அதுல ஒரு கடையப் புடிச்சாரு. முந்நூறு செஸ் போர்டு லாரியில வந்து இறங்கிச்சு. ஒண்ணு ஏழு கிலோ. இறக்கினவங்க ரெண்டு பேரும் அடுத்த நாள் வேலைக்குப் போகல.

அப்புறம் என்ன, பயணிகள் வந்தாங்க. வராம இல்ல. வந்து தூக்கிப் பாப்பாங்க. அழகா இருக்குன்னுவாங்க. தடவிப் பாப்பாங்க. இறக்கி வெச்சுட்டு, 'கழிப்பறை எங்க இருக்கு'ன்னு கேப்பாங்க. ஃப்ளைட்ல பெட்டிக்கு விடறதே இருபது கிலோ. அதுல ஏழு கிலோ கல்ல யாரு தம்பி தூக்கிட்டுப் போவான்? வேற என்னெல்லாம் கேட்டாங்க தெரியுமா. செருப்பு அறுந்துடுச்சு, தைக்கறவர் எங்கன்னு கேப்பாங்க. வயித்துக்கு மாத்திரை எங்க கிடைக்கும்னு கேப்பாங்க. போன் சார்ஜ் போட்டுக்கலாமான்னு கேப்பாங்க. ஃப்ரிட்ஜுல ஒட்டற காந்தம் ஒண்ண எடுத்து வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேரம் பேசுவாங்க. முத வருஷம் முழுக்க வித்தது நாலு போர்டு. அதுல ரெண்டு எங்க வீட்டுக்காரரு ஆள் வெச்சு வாங்கினது. தம்பி மனசு உடைஞ்சுடக் கூடாதாம். அந்த ரெண்டும் எங்க கட்டிலுக்கு அடியில இருக்கு.

வீட்ல பேச்சு கொறஞ்சு போச்சு. சின்னவ என் முகத்தப் பாத்துப் பேசறத நிறுத்திட்டா. அவ நகையெல்லாம் அந்தக் கல்லா மாறி நிக்குது, எப்படிப் பேசுவா? கொழுந்தன் மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை கசப்பா பேசல. அதுதான் எனக்குத் தாங்கல.

நான் என்ன செஞ்சேன், அந்த வருஷத்துலேருந்து ஒரு பாரம் விடாம, சொன்னத சொன்னபடி எழுதினேன். காந்தம்னா காந்தம், ஒண்ணும் வாங்கலேன்னா ஒண்ணும் வாங்கல. உண்மைக் கணக்கு புத்தகத்துல வந்தா கொழுந்தனுக்கும் புத்தி வந்து கடைய மூடிட்டுப் பழைய வேலைக்கே போயிடுவாருன்னு நினைச்சேன். புத்தகம் வந்துது. நினைவுப் பொருள் செலவு பாதியா விழுந்துடுச்சு. மேலதிகாரிங்க கால்குலேட்டரக் கூப்பிட்டு, ஏன்யா விழுந்துதுன்னு கேக்க, அவரு என்னக் கூப்பிட்டு, 'ஏம்மா, பயணிங்கெல்லாம் திடீர்னு கஞ்சனாயிட்டாங்களா'ன்னு கேக்க, பெரிய ரகளை.

கொழுந்தன் அதப் படிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா. நிம்மதியா சிரிச்சாரு. 'பாத்தீங்களா அண்ணி, என் கடையில மட்டும் இல்ல, நாடு முழுக்கவே இந்த ரெண்டு வருஷம் மந்தம். தப்பு என் மேல இல்ல. மறுபடி தொண்ணூறாயிரத்துக்கு ஏறும். அதுவரைக்கும் தாக்குப் புடிக்கணும்.' இப்படின்னுட்டு மூடறதா இருந்த கடைய மூடாம விட்டுட்டாரு. பொய்யும் கெடுத்துது, உண்மையும் கெடுத்துது. நான் எந்தப் பக்கம் போவேன் சொல்லுங்க.

எப்படிப் பொழைச்சாங்கன்னு கேக்கறீங்களா? அதான் வேடிக்கை.

ஒரு நாள் மத்தியானம் ஒரு வயசான வெளிநாட்டம்மா பெட்டிய இழுத்துக்கிட்டுக் கடைக்குள்ள வந்திருக்காங்க. கல்லுச் சந்துல இழுத்து இழுத்து ஒரு சக்கரம் கழண்டு போச்சு. சாயங்காலம் ஃப்ளைட். ஸ்டூல்ல உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க. கொழுந்தனுக்கு யாராவது அழுதா தாங்காது. பெட்டியக் கவுத்துப் போட்டாரு, பழைய ஃப்ரிட்ஜ் ஸ்டாண்டுலேருந்து ஒரு சக்கரத்தக் கழட்டி மாட்டினாரு. இருபது நிமிஷ வேலை. அந்தம்மா எழுந்து நடந்து பாத்தாங்க, அப்படியே கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க, கையில ஒரு நோட்டத் திணிச்சுட்டு, மீதிகூட வாங்காமப் போயிட்டாங்க. என்ன விலைன்னு ஒரு வார்த்தை கேக்கல. காந்தத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசற அதே சனம் தம்பி. ஆசையா வாங்கறதுக்குத்தான் பேரம் பேசறாங்க. அவசரத்துக்கு வாங்கறதுக்கு யாரும் பேசறதில்ல.

சின்னவ மூலையில உக்காந்து இதப் பாத்துக்கிட்டு இருந்தா. மறுநாளே நாப்பது சக்கரம் வாங்கிட்டு வந்துட்டா. அப்புறம் ஜிப்பு, பூட்டு, கைப்பிடி, பெட்டியச் சுத்திக் கட்டற பட்டை. செஸ் போர்டையெல்லாம் தரையில பதிச்சுட்டா. இருநூத்துச் சொச்சம் போர்டு, கடை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமா கட்டம் கட்டமா இருக்கும். வர்றவங்க சக்கரம் மாட்டற வரைக்கும் அந்தத் தரைய போட்டோ எடுக்கறாங்க. இப்போ மூணு ஹோட்டல்லேருந்து பெட்டி அனுப்பறாங்க. நகையெல்லாம்கூட வீட்டுக்கு வந்துடுச்சு. எங்க பாரத்துல அது எங்க வருது தெரியுமா? கடைசிக் கட்டம், 'இதர'. கால்குலேட்டர் அத ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு.

அப்போ எல்லாம் நல்லா முடிஞ்சுதேன்னு நினைக்கறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன மாசம் கடைக்காரங்க சங்கக் கூட்டம். தொப்பி விக்கறவரு ஒருத்தரு எழுந்து, 'அன்னைக்கு தொண்ணூறாயிரம் செஸ் போர்டுன்னு எவனோ உக்காந்த எடத்துலயே கதை எழுதினான், அத நம்பி நாம கெட்டோம்'னு சொல்லியிருக்காரு. கொழுந்தனுக்கு வந்துதாம் கோவம். அவரு சத்தமா பேசி நாங்க யாரும் கேட்டதில்ல. 'எங்க அண்ணி எழுதின கணக்கு அது. முட்டி வலியோட நின்னு எழுதினாங்க. யாரு வேணா வந்து பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு, அதோட விடாம, மறுநாளே எங்க ஆபீசுக்கு மனு போட்டுட்டாரு. அந்த வருஷத்துப் பாரம் அத்தனைக்கும் நகல் வேணும்னு. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் காட்டணுமாம். அண்ணி மானத்தக் காப்பாத்தணுமாம்.

நகல் வந்துடுச்சு தம்பி. நேத்து வீட்டுக்கு வந்தா மேஜை மேல கவர் கிடக்கு. நான் எடுத்துப் பையில வெச்சுட்டேன். இதோ, இந்தப் பைதான். நாளைக்குச் சாயங்காலம் கூட்டம்.

என்ன பாக்கறீங்க? ஆமா. அந்த 'எவனோ' நான்தான்.

சொல்லிட்டேன். ஒரு தம்பிகிட்ட சொல்லியாச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல நீங்க ஆகாசத்துல இருப்பீங்க, உங்ககிட்ட சொன்னா என்ன.

அந்த வருஷம் மழைன்னா மழை, பத்து நாள் விடாத மழை. ஃப்ளைட் பாதி வரல. வந்த சனமும் ஈரத்துணியோட சிடுசிடுன்னு இருந்துது. எனக்கு முட்டி வீங்கிப் போயி நிக்க முடியல. கால்குலேட்டர் தினம் போனு. இந்த நாற்காலியில உக்காந்து முத பாரத்த நானே நிரப்பினேன். குளிர் நாட்டுலேருந்து வந்த ஒரு பல் டாக்டரம்மா, வயசு அம்பத்திரண்டு, கூட அக்கா. எழுதினதும் மனசுக்கு எவ்ளோ இதமா இருந்துது தெரியுமா. யாரும் எழுந்து ஓடல, யாரும் மொறைக்கல. நாப்பத்திரண்டு கேள்விக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க அந்தம்மா. அப்புறம் ஒரு இசைக்காரர், ஒரு விவசாயி, கல்யாணம் ஆகி மூணு நாளான ஜோடி. பத்து நாள்ல நூறு பேரு. எல்லாரும் நல்லவங்க, தாராளக் கை. நம்ம ஊருக்கு வந்துட்டு ஒண்ணும் வாங்காமப் போனாங்கன்னு எழுத எனக்குக் கை வரல, நமக்குத்தானே அசிங்கம். என்ன வாங்கினாங்கன்னு எழுதறதுன்னு நிமிந்து பாத்தேன். எதிர்ல அந்தக் கண்ணாடிக் கடை, அதுல தூசி படிஞ்சு ஒரே ஒரு கல் செஸ் போர்டு. எழுதிட்டேன். நூறு பேர்ல முப்பது பேருக்கு எழுதியிருக்கேன். தப்பு, கிறுக்கல் இல்லாத பாரமாச்சே, ஆபீஸ்ல ஒண்ணக்கூடக் கழிக்கல. முப்பது மூவாயிரம்… நீங்களே பெருக்கிக்கங்க.

அதுகூடப் போகட்டும் தம்பி. கையெழுத்தப் பாத்து நான்தான்னு கண்டுபுடிச்சாலும் சமாளிச்சுடலாம். நாப்பத்தியோராவது கேள்வி இருக்கே, 'உங்களுக்கு இங்கே ஏற்பட்ட குறைகள்'. நூறு பேருக்கு எங்கேருந்து குறை கண்டுபுடிக்கறது? என் மனசுல இருந்தத எழுதினேன். இசைக்காரர், மாடிப்படியில ஏறி இறங்கி முட்டி வலிக்குதுன்னாரு. விவசாயி, தொட்டி நிரம்பி வழிஞ்சாலும் மாடியில இருக்கறவங்க மோட்டார நிறுத்த மாட்டேங்கறாங்கன்னாரு. பல் டாக்டரம்மா, சின்னவ கொழம்புல உப்பு அள்ளிப் போடறான்னு எழுதியிருக்காங்க. வெளிநாட்டுப் பயணி, தம்பி. அத சங்கக் கூட்டத்துல கொழுந்தன் சத்தமா வாசிக்கப் போறாரு.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு உதவி. பாரத்தக்கூட நிரப்ப வேண்டாம், விடுங்க. இந்தக் கவர மட்டும் உங்க கைப்பையில வெச்சுக்கங்க. ரெண்டு கிலோகூட வராது. உங்க ஊர்ல இறங்கினதும் ஏதாவது குப்பைத் தொட்டியில போட்டுடுங்க. இங்க போட முடியல. எல்லாம் கண்ணாடி மாதிரி பையா தொங்குது, பேர் முகவரியோட வெளிய தெரியும், காவலுக்கு நிக்கற அந்தப் பொண்ணு எடுத்து 'அம்மா, உங்க பேப்பர்'னு ஓடி வந்து குடுத்துடுது. காலையிலேருந்து ரெண்டு தடவை குடுத்துடுச்சு. ஏன் தம்பி தள்ளி உக்காரறீங்க? ஏர்போர்ட்ல யாரு எதக் குடுத்தாலும் வாங்கக் கூடாதுதான், எனக்குத் தெரியாதா, பதினோரு வருஷமா மைக்குல சொல்றானே. வெறும் காகிதம், பிரிச்சுக் காட்டறேன் பாருங்க…

இருங்க, போன் அடிக்குது. சின்னவ. இவ எதுக்கு இந்த நேரத்துல… ஒரு நிமிஷம் தம்பி.

ஹலோ. சொல்லுடி. … வேலையிலதான். ஒரு பயணிகிட்ட கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கேன். … எந்தக் கவரு? … மேஜை மேலயா? நான் பாக்கலயே. … சரி. என் பையிலதான் இருக்கு. … நீ பிரிச்சியா? எப்போ? … ஆவியில காட்டிப் பிரிச்சு, திரும்ப ஒட்டி வெச்சியா. முந்தாநாளே வந்துடுச்சா. … அத்தனையும் படிச்சியா?

… எந்தப் பல் டாக்டரம்மா?

… ஆமா. … ஆமா, உப்பு. … அது அந்தம்மா… இல்ல. நான்தான். நான்தான் எழுதினேன்டி, போதுமா.

… என்ன சொன்ன? சத்தமா சொல்லு, இங்க மைக்குல கத்தறான். … அந்த நூறையும் எடுத்துட்டியா? எடுத்து? … அடுப்புலயா. அப்போ இதுக்குள்ள இருக்கறது? … நெசப் பயணிங்க சொன்ன பாரம் மட்டுந்தானா. இதத்தான் நேத்துலேருந்து நெஞ்சுல கட்டிக்கிட்டுத் திரியறேனா நான். … நாளைக்குக் கூட்டத்துல அவரு கவரத் தூக்கிக் காட்டினாப் போதும், யாரும் பிரிச்சு எண்ண மாட்டாங்கங்கறியா.

… ஏன்டி. அவ்ளோ கஷ்டப்பட்டியே, நகையெல்லாம் போச்சே, என் மேல உனக்குக் கோவம் இல்லையா?

… ம்.

… ம். அது சரிதான். அந்தக் கணக்கு இல்லேன்னா அவரு இன்னும் பஸ்லதான் இருந்திருப்பாரு. மாசத்துல பத்து நாள்தான் உனக்குப் புருஷன். … இல்ல, அழல. ஏசி காத்து கண்ணுல படுது. … சரி. என்ன தண்டனை? … ஒரு மாசம் சமையல் நானேவா. உப்பு எவ்ளோ போடணும்னு எனக்குத் தெரியுமா, சரி சரி, போட்டுக் காட்டறேன். … மோட்டாருமா? அது மட்டும் முடியாது, அது உங்க பக்கம். … சரிடி. சரி. வெக்கறேன்.

தம்பி, கேட்டீங்களா, வேலை வீட்லயே முடிஞ்சுடுச்சு, நீங்க ஒண்ணையும் தூக்க…

எங்க போயிட்டாரு?

அதோ. வரிசையில முன்னாடி போயி நிக்கறாரு. போன்ல சார்ஜ் பாதிகூட ஏறியிருக்காதே. தம்பி. தம்பி, கவர் வேண்டாம். பயப்படாமத் திரும்பிப் பாருங்க. ஒரே ஒரு கேள்விதான், அத்தை வீட்டுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க, எவ்ளோ ஆச்சு? தோராயமா சொன்னாக்கூடப் போதும். மூவாயிரம் பேரு விஷயம் தம்பி இது. சொல்லாமப் போயிட்டீங்கன்னா… அப்புறம் நான் எழுதறதுதான்.